கேபிள் போட்டால் தொப்பி சுருங்குகிறது, எத்தனை கண்ணி கூட்ட வேண்டும்?

பனிமணி, ஸ்கார்பரோ:

எல்லோருக்கும் வணக்கம். வெறும் தொப்பி பின்னுவது எனக்குப் பழக்கமான வேலைதான். 5 மி.மீ. வட்ட ஊசியில் 92 கண்ணி (ஊசியில் ஏற்றுகிற நூல் வளையம்) போட்டு, கீழே இழுபடுகிற ரிப் விளிம்பு, மேலே முழுக்க நிட் (முன்பக்கம் வழவழப்பாகத் தெரிகிற சாதாரணக் கண்ணி), உச்சியில் குறைத்து இழுத்துக் கட்டினால் முடிந்தது. என் வீட்டுக்காரருடைய தலைச்சுற்று 57 செ.மீ., 92 கண்ணித் தொப்பி 51 செ.மீ. வரும், இழுபட்டு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்த முறை இவருக்குக் கேபிள், அதாவது முறுக்கிய கயிறு மாதிரி எழும்பித் தெரிகிற பின்னல், போட்ட தொப்பிதான் வேண்டுமாம். வேலையிடத்தில் ஒரு ஐரிஷ்காரர் போட்டுவருகிற தொப்பியைப் பார்த்த நாளிலிருந்து இதே கதை.

தொப்பியில் நேரே கைவைக்காமல் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தேன். 32 கண்ணி, 6 நிட் 2 பர்ல் (நிட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் போடுவது) என்று நான்கு தடவை, எட்டு வரிக்கு ஒருமுறை மூன்றின் மேல் மூன்றை ஏற்றி முறுக்கினேன். இதே நூலில் இதே ஊசியில் வெறும் நிட் போட்டால் எனக்கு 10 செ.மீ.க்கு 18 கண்ணி வரும், அப்படிப் பார்த்தால் 32 கண்ணி 18 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வந்தது 14. அதுவும் மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்ட பிறகு. இதை நம்பி 92 கண்ணி போட்டால் தொப்பி இவர் தலைக்கு ஏறாது, என் மகனுக்குத்தான் சரிவரும்.

இப்போது எத்தனை கண்ணி போட வேண்டும், ரிப்புக்கும் அதே எண்ணிக்கைதானா, உச்சியில் கேபிளை எப்படிக் குறைப்பது என்று யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள். இணையத்தில் பார்த்த குறிப்புகளில் எல்லாம் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுக் குறியீடு வைத்திருக்கிறார்கள், எனக்கு அது விளங்கவில்லை, வாயால் சொன்னால் விளங்கும். இன்னொன்று, அவருக்குக் கறுப்பு நிறம்தான் வேண்டுமாம். நூல் சூப்பர்வாஷ் கம்பளி, 100 கிராம் பந்தில் 200 மீட்டர்.

குன்னூர்க்காரி:

மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நிறையப் பேர் அதைச் செய்யாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுருங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, முறுக்குகிற வரியில் மூன்று கண்ணி இன்னொரு மூன்றின் மேல் ஏறி உட்காருகிறது, அந்த இடத்தில் ஆறு கண்ணி தன் முழு அகலத்துக்குப் படுக்க முடியாது. புடவையில் கொசுவம் வைத்தால் ஆறு கஜமும் இடுப்பளவுக்குள் அடங்குகிற கதைதான். இரண்டாவது, இடையில் இருக்கிற 2 பர்ல். அது ரிப்பில் போல உள்ளே மடங்கிப் பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளம் இருந்தால்தான் கேபிள் எழும்பி நிற்கும், அதனால் பர்லை எடுத்துவிடலாமா என்று யோசிக்காதீர்கள்.

கணக்கு சுலபம். 32 கண்ணிக்கு 14 செ.மீ. என்றால் 8 கண்ணி கொண்ட ஒரு தொகுதி 3.5 செ.மீ. உங்களுக்கு 51 செ.மீ. வேண்டும். 14 தொகுதி போட்டால் 49, 15 போட்டால் 52.5. நான் 14 தொகுதி, அதாவது 112 கண்ணி போடுவேன். 49 குறைவுதானே என்று தோன்றும், ஆனால் அந்தப் பர்ல் பள்ளமெல்லாம் போட்டுக்கொள்ளும்போது விரிந்துகொடுக்கும், வெறும் நிட்டை விட இது நன்றாக இழுபடும்.

ரிப்புக்கும் அதே 112 போடுங்கள், ஆனால் 4 மி.மீ. ஊசியில். 2 நிட் 2 பர்ல் ரிப் போட்டால் இதில் ஒரு வசதி இருக்கிறது: ரிப்பின் எட்டுக் கண்ணி நிட் நிட் பர்ல் பர்ல் நிட் நிட் பர்ல் பர்ல் என்று போகிறது இல்லையா, அதில் முதல் ஆறின் மேல் கேபிளும் கடைசி இரண்டு பர்லின் மேல் உங்கள் பர்லும் நேராக வந்து நிற்கும். நடுவில் இருக்கிற இரண்டு பர்லை மட்டும் நிட்டாக மாற்றினால் போதும். ரிப்பிலிருந்தே கேபிள் முளைத்து வருகிற மாதிரித் தெரியும், கண்ணி கூட்டுகிற வேலையும் இல்லை. 5 செ.மீ. ரிப் முடிந்ததும் 5 மி.மீ. ஊசிக்கு மாறி, நாலாவது சுற்றில் முதல் முறுக்கு, அப்புறம் எட்டுச் சுற்றுக்கு ஒன்று.

முறுக்கும்போது முதல் மூன்றை முன்பக்கம் வைத்தால் கேபிள் இடப்பக்கம் சாயும், பின்பக்கம் வைத்தால் வலப்பக்கம் சாயும். எது வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் தொப்பி முழுக்க ஒரே பக்கமாக இருக்கட்டும். கேபிள் ஊசி இல்லையென்றால் தேடி அலைய வேண்டாம், மை தீர்ந்த பேனா ரீஃபிலே போதும். நான் அதில்தான் ஸ்வெட்டர் ஸ்வெட்டராகப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

வடகடல்வாசி, பெர்கன்:

அக்கா சொன்ன கணக்கு சரி, முடிவில்தான் எனக்குச் சின்ன மாறுபாடு. 57 செ.மீ. தலைக்கு 49 செ.மீ. தொப்பி என்பது எட்டு செ.மீ. குறைவு. பத்து நிமிடம் போட்டுக் கழற்றுபவருக்குச் சரி, ஒரு முழு ஷிஃப்ட் போட்டிருப்பவருக்கு நெற்றியில் ரிப்பின் தடம் பதிந்துவிடும். கேபிளை ரொம்ப இழுத்தால் பள்ளம் விரிந்து அழகும் போய்விடும், காற்றும் அந்தப் பர்ல் வழியாகத்தான் நுழையும். நான் 120 போடுவேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி, அந்த மாதிரித் துண்டை நனைத்தீர்களா? சூப்பர்வாஷ் நூல் என்கிறீர்கள். சாதாரணக் கம்பளியில் இழையின் மேல் செதில்கள் இருக்கும், அவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால்தான் பின்னல் தளராமல் நிற்கிறது. மெஷினில் போட்டாலும் திரண்டுவிடக் கூடாது என்று சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை வேதிமுறையில் மழுக்கியோ, மேலே பூச்சுக் கொடுத்தோ விடுகிறார்கள். அதன் விலை என்னவென்றால் நனைந்ததும் துணி தளர்ந்து நீளும். நனைக்காத துண்டை அளந்து போட்ட கணக்கு முதல் துவைப்போடு சரி. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி ஊறவைத்து, துவாலையில் சுற்றிப் பிழிந்து, இழுக்காமல் தட்டையாகக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகு 112-ஆ 120-ஆ என்று சண்டை போடலாம்.

கறுப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். கேபிள் முழுக்க முழுக்க நிழலை நம்பி நிற்கிற வேலை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே விழுகிற நிழல்தான் அந்த வடிவத்தையே காட்டுகிறது. கறுப்பில் நிழல் எங்கே விழும்? இங்கே குளிர்காலத்தில் பின்மதியமே விளக்குப் போட வேண்டும், அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலில் கண்ணி எண்ணினால் கண்தான் போகும். அவ்வளவு வேலை செய்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றால் வெறும் ரிப் தொப்பி என்றுதான் எவனும் சொல்வான். சாம்பல், பழுப்பு, ஓட்ஸ் நிறம் இதில் ஏதாவது ஒன்றை அவர் தலையில் கட்டுங்கள். கறுப்புதான் என்று பிடிவாதம் பிடித்தால் கரிச்சாம்பல் வரை இறங்கி வரலாம்.

நூல் வாங்கும்போது உருண்டையாக, நன்றாக முறுக்கேறி, மூன்று நான்கு இழை சேர்ந்ததாகப் பாருங்கள். அல்பாகா கலந்தது கழுத்துக்கும் கைக்கும் நன்றாக இருக்கும், தொப்பிக்குப் பாதி சரி. ட்ராப்ஸ் நேபால் என்கிற நூல் 65 சதவீதம் கம்பளி, 35 சதவீதம் அல்பாகா, 50 கிராமில் 75 மீட்டர். தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஆனால் அல்பாகாவின் மெல்லிய மயிர் கேபிளின் விளிம்பை மங்கலாக்கிவிடும், கம்பளி அளவுக்குத் திரும்பச் சுருங்கவும் செய்யாது. பருத்தி பக்கமே போக வேண்டாம், கனம், நீட்டினால் நீண்டபடியே கிடக்கும்.

பனிமணி, ஸ்கார்பரோ:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. துண்டை நனைத்துக் காயவைத்து அளந்தேன், 14 இல்லை, 14 செ.மீ. 4 மி.மீ. வருகிறது. அப்படியென்றால் ஒரு தொகுதி 3.6, 14 தொகுதி போட்டால் 50-க்குச் சற்று மேல். 112-லேயே நிற்கலாம் என்று நினைக்கிறேன். தம்பி கோபிக்க வேண்டாம்.

கறுப்புக்கு மாற்றாகக் கரிச்சாம்பலுக்கு ஒத்துக்கொண்டார், அதுவும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நூலையும் ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டிய பிறகு. ஆனால் நெற்றி கடிக்கும் என்று இப்போதே முனகல். வெளியில் லாரிக்குச் சாமான் ஏற்றும் வேலை, சில நாள் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும், காது முழுக்க மூட வேண்டும். 5 செ.மீ. ரிப் போதுமா?

அந்த ஐரிஷ்காரர் இவரிடம் சொன்னாராம், அவர்கள் தீவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் கேபிள் உண்டாம், கடலில் இறந்து கரையொதுங்கினால் ஸ்வெட்டரைப் பார்த்துத்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்பார்களாம். கேட்டதிலிருந்து இவருக்கும் தனக்கென்று ஒரு கேபிள் வேண்டுமாம். பகிடிக்குச் சொல்கிறாரா உண்மையா என்று தெரியவில்லை.

ஊசிமுனை, லண்டன்:

அந்தக் கதை எல்லோரையும் ஒருமுறை பிடித்து ஆட்டும். அரன் தீவுகள் என்பவை அயர்லாந்தின் மேற்கே கால்வே விரிகுடாவின் வாயிலில் இருக்கிற மூன்று தீவுகள், இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர். ஸ்வெட்டர் முழுக்கக் கேபிளும் வைரக் கட்டமுமாக நிறைத்துப் பின்னுகிற அந்தப் பாணி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது, ஆயிரம் வருடப் பழமையெல்லாம் இல்லை. குடும்பத்துக்கு ஒரு கேபிள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது, சுற்றுலாக் கடைகளில் நன்றாக விற்கிறது, அவ்வளவுதான். பிணத்தை அடையாளம் காண்கிற பகுதி 1904-ல் டப்ளினில் மேடையேறிய ஒரு நாடகத்திலிருந்து கிளம்பியது என்று சொல்வார்கள். அந்த நாடகத்தில்கூடக் கேபிள் வரவில்லை, ஸ்வெட்டரும் வரவில்லை. ஒரு காலுறை வருகிறது, அதைப் பின்னிய தங்கை தான் அறுபது கண்ணி போட்டு அதில் நான்கை விட்டதை வைத்து இது அண்ணனுடையதுதான் என்று கண்டுகொள்கிறாள். எனக்கென்னவோ குடும்பக் கேபிள் கதையை விட இதுதான் நம்பும்படி இருக்கிறது. தன் கையால் விட்ட கண்ணி பின்னியவளுக்குத் தெரியாமல் போகுமா? இவருக்குத் தனிக் கேபிள் வேண்டுமென்றால் ஒரு தொகுதியை மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கிவிடுங்கள், வேறு யாரிடமும் இருக்காது.

கடிப்பதற்கு: ரிப்பின் உட்பக்கம் நெற்றி படுகிற இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஃப்ளீஸ் துணி வைத்துத் தைத்துவிடலாம். தையல் துணியோடு இழுபட வேண்டும், நேர்த்தையல் போட்டால் முதல் நாளே நூல் அறுந்துவிடும், குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் வடிவத்தில் கையால் போடுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பாதி வழியில் கட்டாயம் கேட்பீர்கள். எத்தனை சுற்று ஆயிற்று என்று மறந்துபோகும். கடைசியாக முறுக்கிய இடத்தில் கேபிளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும், அதில் ஒரு ஊசியை நுழைத்துத் துணியை லேசாக இழுத்தால் பின்னால் ஏணிப்படியாகக் குறுக்கு நூல் வரிசை தெரியும், அதை எண்ணினால் முறுக்கிய பிறகு எத்தனை சுற்று என்று வந்துவிடும். அதைவிட எளிது, முறுக்கிய சுற்றில் ஒரு ஊக்கை மாட்டிவைப்பது.

ஒரு கேபிளை மட்டும் தப்பான பக்கம் முறுக்கியது நாலு விரல் மேலே பின்னிய பிறகு கண்ணில் பட்டால் மொத்தத்தையும் பிரிக்கப் பதற வேண்டாம். அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, முறுக்கிய வரி வரைக்கும் அவிழ்த்து, சரியான பக்கமாக மாற்றி முறுக்கி, தொங்குகிற நூல்களை ஒவ்வொரு வரியாகக் குரோஷா ஊசியால் மேலே ஏற்றிக்கொண்டு வரலாம். பக்கத்துப் பர்ல் இரண்டும் கரை மாதிரி நின்று மீதிக் கண்ணிகளைக் காப்பாற்றும். கம்பளியில் இது பயமில்லாத வேலை, வழுக்குகிற அக்ரிலிக்கில் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும்.

குன்னூர்க்காரி:

காது மூட 5 செ.மீ. மடிப்பில்லாமல் போதும், ஆனால் மைனஸ் இருபதுக்கு நான் மடித்துப் போடுகிற விளிம்புதான் சொல்வேன். ரிப்பை 11 செ.மீ. பின்னி இரண்டாக மடித்தால் காதுக்கு மேல் இரட்டைத் துணி. அப்படிச் செய்தால் உங்கள் 200 மீட்டர் பந்து ஒன்று போதாது, இரண்டாகவே, ஒரே சாய எண் பார்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம் போய்த் தேடினால் அதே கரிச்சாம்பல் கிடைக்கும், ஆனால் ஒரு மாற்றுக் குறைவாகவோ கூடவோ இருக்கும், தொப்பியில் கோடு விழும். ஃப்ளீஸும் வைப்பதாக இருந்தால் மடிப்புக்குள் மறைகிற மாதிரி வையுங்கள்.

உச்சிக்கு வருவோம். 112-ல் 14 தொகுதி, இதை மனதில் வைத்துக்கொண்டால் கட்டம் போட்ட படமே வேண்டாம். ரிப்புக்கு மேலே 24 சுற்றுப் பின்னியிருப்பீர்கள், 4, 12, 20 ஆகிய சுற்றுகளில் முறுக்கியிருப்பீர்கள், கிட்டத்தட்ட 10 செ.மீ. உயரம் வந்திருக்கும். இனிமேல் குறைப்பு. முதலில் கேபிளைத் தொடாமல் பர்லைக் குறைக்க வேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். குறைப்பின் முதல் சுற்றில் 6 நிட், இரண்டு பர்லையும் சேர்த்து ஒரு பர்ல். 98 ஆகும். இரண்டு சுற்று சும்மா போங்கள். அடுத்த சுற்று கணக்குப்படி முறுக்குகிற சுற்று, அங்கே முறுக்கும்போதே குறைத்துவிடுங்கள்: மூன்றை ரீஃபிலில் எடுத்து முன்னால் தொங்கவிட்டு, ஊசியில் இருக்கிற மூன்றை ஒரு நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், ரீஃபிலில் இருக்கிற மூன்றையும் அப்படியே. ஆறு நாலாகிவிடும், முறுக்கின மடிப்புக்குள் குறைத்த தடம் ஒளிந்துகொள்ளும். 70 கண்ணி.

மூன்று சுற்று சும்மா. அப்புறம் நாலு கேபிள் கண்ணியில் முதல் இரண்டை இடப்பக்கம் சாய்வாகவும் அடுத்த இரண்டை வலப்பக்கம் சாய்வாகவும் குறைத்து ஒரு பர்ல், 42. ஒரு சுற்று சும்மா. பிறகு இரண்டு நிட்டையும் சேர்த்து ஒரு நிட், ஒரு பர்ல், 28. கடைசிச் சுற்றில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, பெரிய கண் உள்ள தையல் ஊசியில் கோத்து 14-க்குள்ளும் இரண்டு தடவை ஓட்டி இழுங்கள், ஒரே தடவை ஓட்டினால் நாளடைவில் உச்சியில் ஓட்டை தெரியும். மொத்தக் குறைப்பும் 5 செ.மீ.க்குள் முடிந்துவிடும்.

குறைக்க ஆரம்பித்ததும் கண்ணிகள் வட்ட ஊசியில் எட்டாது, இரண்டு முனை ஊசிக்கு மாற்ற வேண்டும். ஊசி மாறுகிற இடம் எப்போதும் பர்லுக்கும் கேபிளுக்கும் நடுவே இருக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள், கேபிளை இரண்டாக வெட்டுகிற மாதிரி ஊசி மாறினால் முறுக்கவும் வராது, அந்த இடத்தில் கண்ணி தளர்ந்து கோடு விழும்.

பனிமணி, ஸ்கார்பரோ:

அக்கா, இதை அப்படியே ஒரு தாளில் எழுதி நூல் பையில் வைத்துவிட்டேன். எண்ணிக்கை எல்லாம் சரிபார்த்தேன், 98, 70, 42, 28, 14 என்று பதினாலு பதினாலாகக் குறைந்து நன்றாக வருகிறது. நடுவில் இரண்டு தரம் 28 போகிறது, அவ்வளவுதான். மடிப்பு விளிம்புதான் போடப் போகிறேன், நூல் இரண்டு பந்து.

கடைசியாக ஒன்று, முடித்த பிறகு தொப்பியை எப்படிக் காயவைப்பது? தட்டையாகப் போட்டால் இரண்டு பக்கமும் மடிப்புக் கோடு விழுகிறது. உச்சியில் குஞ்சம் வைக்கலாமா வேண்டாமா என்றும் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது, மகன் வை என்கிறான், இவர் வேண்டாம் என்கிறார்.

வடகடல்வாசி, பெர்கன்:

112-க்கு நான் கோபிக்கவில்லை, 50 செ.மீ. வந்தால் பேச்சே இல்லை.

காயவைக்க ஒரு பலூனை அவர் தலையை விடக் கொஞ்சம் சின்னதாக ஊதி, ஒரு கிண்ணத்தின் வாயில் நிறுத்தி, ஈரத் தொப்பியை அதன் மேல் மாட்டிவிடுங்கள். தொப்பி பலூனில் சும்மா உட்கார வேண்டும், இழுபடக் கூடாது. பெரிதாக ஊதிவிட்டால் கேபிள் தட்டையாகிவிடும், நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். ரிப் பகுதி பலூனுக்குக் கீழே தொளதொளவென்று தொங்கட்டும், அதை விரித்துக் காயவைத்தால் மறுபடி பிடிக்காது. ஹீட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். அக்ரிலிக் நூலில் தொப்பி ஏதும் பின்னினால் அதற்கு இந்த வேலை பலிக்காது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, ஆவி காட்டினால் இழை செத்துச் சப்பையாகிவிடும்.

குஞ்சம் விஷயத்தில் நான் மகன் பக்கம், ஆனால் தைத்துவிடாதீர்கள். உச்சியின் உட்பக்கம் ஒரு பட்டன் தைத்து, குஞ்சத்தின் நூலை உச்சித் துளை வழியாக உள்ளே விட்டு அதில் கட்டிவிடுங்கள். துவைக்கும்போது கழற்றலாம், வேலைக்குப் போகும்போது இவர் கழற்றிக்கொள்ளலாம். அட்டையில் சுற்றி வெட்டுகிற குஞ்சத்துக்கு நூல் நிறையப் பிடிக்கும், இரண்டாவது பந்தின் மீதியை அதற்கென்று எடுத்துவையுங்கள்.